லைன் இவ்வளவு வேகமானபின் டாருக்கும் ஆர்சின்க்குக்கும் என்ன வேலை?

கேள்வி இதுதான்: டயல்-அப் காலத்திலிருந்தே புழங்கும் டார் (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டுவது), ஆர்சின்க் (மாறியதை மட்டும் அனுப்புவது), டபிள்யூகெட் (கோப்பை இறக்குவது), டவுன்லோடு மேனேஜர் போன்றவற்றை சர்வர் வேலை பார்ப்பவர்கள் இன்றும் விடாமல் வைத்திருக்கிறார்களே, அது வெறும் பழக்கமா, இல்லை உண்மையிலேயே பயன் இருக்கிறதா?

சிலவற்றுக்கு முன்பைவிட இப்போதுதான் பயன் அதிகம். வேறு சில முடிந்துவிட்டன, அவை திரும்பாது. ஒரு கருவி எந்த இடத்து நெரிசலைத் தீர்க்க வந்தது, அந்த நெரிசல் இன்று எங்கே நிற்கிறது என்று பார்த்தால் எது எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். கருவியின் வயதை வைத்துச் சொல்ல முடியாது.

‘நெட் வேகம்’ என்று ஒரே எண்ணாகப் பேசுவதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. பிளானில் எழுதியிருக்கும் எம்பிபிஎஸ் என்பது பேண்ட்விட்த், அதாவது லைனின் அகலம். 56 கேபிபிஎஸ் மோடத்தோடு ஒப்பிட்டால் இன்றைய 100 எம்பிபிஎஸ் லைன் சுமார் 1,800 மடங்கு அகலம். ஆனால் ஒரு பாக்கெட், அதாவது டேட்டாவின் ஒரு சின்னத் துண்டு, போய்ச் சேர்ந்து பதில் திரும்பி வர ஆகும் நேரம் அப்படிக் குறையவில்லை, குறையவும் முடியாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சர்வர் 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போக 50 மில்லிசெகண்ட், வர 50 மில்லிசெகண்ட். எவ்வளவு விலை உயர்ந்த பிளான் வாங்கினாலும் இந்த 100-க்குக் கீழே இறங்காது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் ரவுட்டர்கள் வேறு இருக்கின்றன. அதனால் நடைமுறையில் இன்னும் கூடத்தான் ஆகும். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாகப் போனால் ஒருமுறை போய்வரவே கிட்டத்தட்ட அரை நொடி.

ஆக, அகலம் ஆயிரம் மடங்குக்கு மேல் கூடிவிட்டது, தாமதம் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கிறது. இதன் விளைவை நேரில் பார்க்க வேண்டுமானால் டாரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

டார் 1979-இல் வந்த யூனிக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் 7-ஆம் பதிப்பிலேயே இருந்தது. காந்த நாடாவில் கோப்புகளை வரிசையாக எழுதுவதற்காகச் செய்தது. நாடாவின் குணம் என்ன? ஓட ஆரம்பித்துவிட்டால் மளமளவென்று எழுதும். நிறுத்தி, பின்னால் சுற்றி, மறுபடி தொடங்கினால்தான் நேரம் போகும். அதனால் டார் எதையும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. ஒரு தலைப்பு, கோப்பின் உள்ளடக்கம், அடுத்த தலைப்பு, அடுத்த உள்ளடக்கம் என்று நிற்காமல் கொட்டிக்கொண்டே போகும். தொலைதூர ஃபைபர் லைனின் குணமும் இன்று இதுவேதான். கொட்டுவதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் இடம் இருக்கிறது, நின்று தொடங்குவதற்குத்தான் செலவு.

ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு 1 லட்சம் சின்னக் கோப்புகளை மாற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 4 கேபி, மொத்தம் 400 எம்பி. 100 எம்பிபிஎஸ் லைனில் இது 32 நொடி வேலை. இதையே எஸ்சிபி என்ற நகலெடுக்கும் கட்டளையைக் கொடுத்து ஒவ்வொன்றாக அனுப்பினால், கோப்புக்கு ஒருமுறை மட்டும் பதிலுக்குக் காத்திருந்தாலும் 100 மில்லிசெகண்ட் வீதம் 10,000 நொடி ஆகும், அதாவது 2 மணி 46 நிமிடம். திறக்க ஒருமுறை, மூட ஒருமுறை என்று இரண்டு தடவை காத்திருந்தால் ஐந்தரை மணி நேரம். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்தபிறகுதான் அடுத்த கடிதத்தை எழுதுவேன் என்று உட்கார்ந்திருப்பதைப் போன்றது இது. லைனை 1 ஜிபிபிஎஸ் ஆக்கினால் 32 நொடி 3 நொடியாகும், ஐந்தரை மணி நேரம் ஐந்தரை மணி நேரமாகவே இருக்கும். பணம் கட்டி வேகத்தைக் கூட்டியும் ஒன்றும் நடக்கவில்லையே என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

தீர்வு பழையதுதான். இந்தப் பக்கம் டாரை எழுதவிட்டு, வெளியே வருவதை நேராக எஸ்எஸ்ஹெச்சுக்குள் (தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாகப் பேசும் இணைப்பு) பைப் செய்து, அதாவது குழாய் போல ஊட்டி, அந்தப் பக்கம் இன்னொரு டாரை வைத்துப் பிரிக்க வேண்டும். நடுவில் டிஸ்கில் ஒரு தற்காலிகக் கோப்புகூட உருவாகாது. லைன் முழுக்க நிரம்பி ஓடும். மோடம் காலத்தில் இந்த வித்தையால் பெரிய லாபம் கிடைத்ததில்லை. அப்போது 400 எம்பி அனுப்பவே 16 மணி நேரம் ஆகும் என்பதால், மேலே ஆகும் காத்திருப்பு மொத்தத்தில் சின்னப் பங்குதான். லைன் அகலமான பிறகு அந்தக் காத்திருப்பே முழு நேரமும் ஆகிவிட்டது. டாரும் கிட்டத்தட்ட கட்டாயமாகிவிட்டது.

ஒரு குறை உண்டு. பாதியில் லைன் அறுந்தால் டார் முதலிலிருந்துதான் தொடங்கும். அதனால் முதல் தடவை மொத்தமாக டாரில் கொட்டுவது, விட்டுப்போனதையும் இடையில் மாறியதையும் ஆர்சின்க் வைத்துச் சரிசெய்வது என்று இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதுதான் நல்ல வழி.

டவுன்லோடு மேனேஜர்களின் கதையும் இதே வகைதான். ஒரு கோப்பை நாலைந்து துண்டாகப் பிரித்து ஒரே நேரத்தில் இறக்கும் மென்பொருள்கள் ஒரு காலத்தில் எல்லோருடைய கணினியிலும் இருந்தன. மோடம் லைனில் துண்டு போடுவதால் வேகம் கூட வாய்ப்பே குறைவு. லைனே நிரம்பி வழியும்போது நாலு பேர் சேர்ந்து இழுத்தால் என்ன, ஒருவர் இழுத்தால் என்ன? அன்று உண்மையில் உதவியது அறுந்த இடத்திலிருந்து தொடரும் வசதி மட்டுமே. இன்று நிலைமை தலைகீழ். இணையத்தில் டேட்டாவை விடுபடாமல் கொண்டுசேர்க்கும் நெறிமுறையான டிசிபி-யில் அனுப்புகிறவர், பெறுகிறவர் ஒப்புக்கொள்ளும் முன் எவ்வளவு டேட்டாவை வழியில் விடலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு, அதற்கு விண்டோ என்று பெயர். ஆரம்ப வடிவமைப்பில் அது 64 கேபி. 200 மில்லிசெகண்ட் தாமதமுள்ள பாதையில் 64 கேபி விண்டோ என்றால் நொடிக்கு ஐந்து விண்டோ, அதாவது 320 கேபி, சுமார் 2.6 எம்பிபிஎஸ். லைன் 2 எம்பிபிஎஸ்ஸாக இருந்தவரை இந்தச் சுவர் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. 1992-லேயே விண்டோவைப் பெரிதாக்க வழி வகுத்துவிட்டார்கள், இன்றைய ஆப்பரேட்டிங் சிஸ்டம் எல்லாம் அதைச் செய்கிறது. ஆனாலும் வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் டிசிபி வேகத்தைச் சட்டென்று குறைத்து, மெல்ல மெல்லத்தான் திரும்ப ஏற்றும். அந்த ஏற்றம் போய்வரும் நேரத்தைப் பொறுத்தது என்பதால், தூரம் கூடக்கூட மீள்வதற்கும் நேரம் பிடிக்கும். நாலு இணைப்பு வைத்திருந்தால் ஒன்று தடுக்கி விழும்போது மற்ற மூன்றும் ஓடிக்கொண்டிருக்கும். ஆரியா2 மாதிரியான கருவியில் தொலைதூர சர்வரிலிருந்து ஒரு பெரிய டிஸ்க் இமேஜை இறக்கிப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். பக்கத்து நகரத்து சர்வராக இருந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: நாலு, ஐந்துக்கு மேல் இணைப்பு வைப்பது மற்றவர்கள் பங்கையும் சேர்த்து இழுப்பதுதான். தன்னார்வலர்கள் நடத்தும் மிரர் சர்வர்களிடம் (மூலக் கோப்புகளின் நகலை வைத்துக் கொடுப்பவை) அப்படிச் செய்யாதீர்கள்.

தொடரும் வசதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹெச்டிடிபி-யில் ‘இந்த பைட்டிலிருந்து கொடு’ என்று கேட்கும் ரேஞ்ச் வசதி 1990-களிலேயே வந்துவிட்டது. 1996-இல் வந்த டபிள்யூகெட்டில் ‘-சி’ கொடுத்தால் அது பாதிக் கோப்பின் நீளத்தைப் பார்த்து மீதியை மட்டும் கேட்கும். லைன் வேகமானதும் கோப்புகளும் சேர்ந்து பெருத்துவிட்டதால் இதன் தேவை குறையவே இல்லை. ஆனால் இடைப்பட்ட நேரத்தில் சர்வரில் கோப்பு மாறியிருந்தால், பாதி பழையதும் பாதி புதியதுமாக ஒட்டிவிடும். நீளம் சரியாகக்கூட இருக்கலாம். அதனால் முடிந்ததும் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) பார்க்காமல் அதைப் பயன்படுத்தக் கூடாது.

இனி ஆர்சின்க். இந்தப் பட்டியலில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான், ஏனென்றால் ஒரே கருவி எப்போது உதவும், எப்போது உதவாது என்பதை அதன் உள்ளமைப்பே சொல்லிவிடும். ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மக்கெராஸும் 1996-இல் வெளியிட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே கோப்பின் வெவ்வேறு பதிப்பு இருக்கிறது, மாறிய பகுதியை மட்டும் அனுப்ப வேண்டும், ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வழியில்லை. இதுதான் சிக்கல். அவர்கள் செய்தது இது: பெறுகிற பக்கம் தன்னிடமுள்ள பழைய கோப்பைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு செக்சம் போட்டு அனுப்பும். ஒன்று எளிதில் கணக்கிடக்கூடியது, இன்னொன்று வலுவானது. அனுப்புகிற பக்கம் புதிய கோப்பின் மேல் அதே அகல ஜன்னலை ஒவ்வொரு பைட்டாக நகர்த்திக்கொண்டே போகும். எளிய செக்சமின் அழகு என்னவென்றால், ஜன்னல் ஒரு பைட் நகர்ந்தால் முழுதாகத் திரும்பக் கணக்கிட வேண்டாம், வெளியே போனதைக் கழித்து உள்ளே வந்ததைக் கூட்டினால் போதும். அது பொருந்தினால் மட்டும் வலுவான செக்சமைப் பார்க்கும். அதுவும் பொருந்தினால் ‘உன்னிடமுள்ள இத்தனையாவது துண்டையே போட்டுக்கொள்’ என்று ஒரு எண்ணை மட்டும் அனுப்பும். கோப்பின் நடுவில் ஒரு பைட் செருகியிருந்தாலும் பின்னால் உள்ள துண்டுகள் எல்லாம் இடம் மாறியும் பிடிபட்டுவிடும். முப்பது வருடம் ஆகப்போகிறது, இன்றும் படிக்கும்போது நிறைவாக இருக்கிறது.

இதற்கு என்ன விலை கொடுக்கிறோம்? இரண்டு பக்கமும் கோப்பை முழுதாகப் படிக்க வேண்டும். அதாவது டிஸ்க் உழைப்பையும் சிபியூ உழைப்பையும் கொடுத்து லைனை மிச்சம் பிடிக்கிறோம். லைன் டிஸ்கைவிட மெதுவாக இருக்கும்வரை இது லாபம். 10 ஜிபிபிஎஸ் உள் நெட்வொர்க்கில் நொடிக்கு 1.25 ஜிபி போகும், சாதாரணமாகச் சுழலும் ஹார்டு டிஸ்கால் அதில் கால் பங்குகூடப் படிக்க முடியாது. அங்கே ஒப்பிட்டுக்கொண்டிருப்பதைவிட முழுக் கோப்பையும் அனுப்பிவிடுவதே மேல். ஆர்சின்க் செய்தவர்களுக்கு இது முதலிலிருந்தே தெரியும். ஒரே கணினியில் ஒரு டிஸ்கிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்தால் அது இயல்பாகவே ஒப்பீட்டை விட்டுவிட்டு முழுக் கோப்பாக எழுதும். நெட்வொர்க்கில் அதே நடத்தை வேண்டுமென்றால் ‘-டபிள்யூ’ கொடுக்க வேண்டும்.

ஆனால் வீட்டிலிருந்தோ சின்ன அலுவலகத்திலிருந்தோ வெளியே பேக்கப் எடுப்பவருக்குக் கணக்கு வேறு. பல பிளான்களில் டவுன்லோடு பெரிதாகவும் அப்லோடு சின்னதாகவும் இருக்கும். 20 ஜிபி விர்ச்சுவல் மெஷின் இமேஜ் (மென்பொருளால் ஆன கணினியின் முழு டிஸ்கும் அடங்கிய கோப்பு) ஒன்று, அதில் அன்று மாறியது 200 எம்பி, அப்லோடு 10 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். முழுதாக அனுப்ப நாலரை மணி நேரம். ஆர்சின்க்கில் இரண்டு பக்கமும் சில நிமிடம் படித்துவிட்டு, மூன்று நிமிடத்துக்குள் அனுப்பி முடித்துவிடும். இவ்வளவு பெரிய கோப்பை ஒரு வீட்டு லைனில் ஏற்றலாம் என்று 1996-இல் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அதற்காகவே செய்தது போல இன்று பொருந்துகிறது.

இதில் அடிக்கடி கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. டேட்டாபேஸ் டம்பை (முழு டேட்டாபேஸையும் எழுதிவைத்த கோப்பு) ஜிசிப்பால் சுருக்கி, அதை ஆர்சின்க்கில் அனுப்புகிறார்கள். முன்பகுதியில் ஒரு வரி மாறினாலும் அதற்குப் பின்னால் வரும் சுருக்கிய பைட்டுகள் எல்லாம் மாறிவிடும். ஆர்சின்க் தேடித்தேடிப் பார்த்து ஒரு துண்டும் பொருந்தாமல் முழுவதையும் அனுப்பும். சுருக்காமல் அனுப்பி, அந்தப் பக்கம் போய்ச் சுருக்குங்கள். அது முடியாவிட்டால் ஜிசிப்பிலும், இசட்ஸ்டாண்டர்டு என்ற இன்னொரு சுருக்கும் கருவியிலும் ‘ஆர்சிங்கபிள்’ என்றே ஒரு ஆப்ஷன் இருக்கிறது. நடுநடுவே சுருக்கத்தைப் புதிதாகத் தொடங்கும் என்பதால் மாற்றம் அந்தப் பகுதியோடு நின்றுவிடும். கோப்பு சற்றே பெரிதாகும், அவ்வளவுதான். என்கிரிப்ட் செய்த கோப்புக்கு இந்த வழியும் கிடையாது.

சரி, திரும்பாதவை எவை? மென்பொருள் பாக்கேஜ்களுக்கான டெல்டா முறையைச் சொல்லலாம். பழைய பதிப்புக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் இறக்கி, உங்கள் கணினியிலேயே புதிய பாக்கேஜைக் கட்டிக்கொள்வது. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை 2009-இல் இதைக் கொண்டுவந்தது, மெல்லிய லைன் வைத்திருந்தவர்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது. 2024-இல் வந்த ஃபெடோரா 40-இல் எடுத்துவிட்டார்கள். லைன் வேகமானபின் முழுதாக இறக்க ஆகும் நேரத்தைவிட, வித்தியாசத்திலிருந்து கட்டி எழுப்ப சிபியூ எடுக்கும் நேரம் அதிகம். இது சரியான முடிவுதான், டேட்டா அளவுக்குப் பணம் கட்டும் இணைப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் இழப்பு.

சுருக்கும் கருவிகளிலும் இதே நகர்வு. எக்ஸ்இசட் கடைசித் துளிவரை பிழிந்து எடுக்கும், ஆனால் பிரிக்க நேரம் ஆகும். 2020 தொடக்கத்தில் ஆர்ச் லினக்ஸ் தன் பாக்கேஜ்களை எக்ஸ்இசட்டிலிருந்து இசட்ஸ்டாண்டர்டுக்கு மாற்றியதாக அறிவித்தபோது கொடுத்த கணக்கு: மொத்த அளவு சுமார் 0.8 சதவீதம் கூடியது, பிரிக்கும் வேகம் சுமார் 1,300 சதவீதம் கூடியது. அதேபோல எஸ்எஸ்ஹெச்சில் சுருக்கத்தை இயக்கும் ‘-சி’ (பெரிய எழுத்து) ஆப்ஷனுக்கு அதன் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது: மெதுவான இணைப்புக்கு நல்லது, வேகமான நெட்வொர்க்கில் வேலையை இன்னும் மெதுவாக்கும். பழைய கான்ஃபிக் கோப்பை வருடக்கணக்கில் நகலெடுத்துக்கொண்டு வருபவர்கள் அந்த வரி இன்னும் கிடக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஜிகாபிட் லைனில் உண்மையான தடையே அதுவாக இருக்கலாம்.

இணையப் பக்கங்களை நடுவில் சேமித்துக் கொடுக்கும் ஸ்குவிட் மாதிரி கேஷ் பிராக்ஸிகளைப் பலரும் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். அவற்றை ஓரங்கட்டியதில் வேகத்துக்குப் பங்கு குறைவு. எல்லாம் ஹெச்டிடிபிஎஸ் (என்கிரிப்ட் செய்த இணைப்பு) ஆனதும் நடுவில் இருப்பவரால் எதையும் படித்துச் சேமிக்க முடியாமல் போனதுதான் முக்கியக் காரணம். லைன் மறுபடி மெலிந்தாலும் அவை பழைய இடத்துக்கு வர முடியாது.

தொலைவிலிருக்கும் திரையைப் பார்த்து வேலை செய்வதில் இரண்டு பழைய கருவிகள் இடம் மாறிக்கொண்டன. 1984-இல் எம்ஐடி-யில் தொடங்கிய எக்ஸ் விண்டோ, ‘இங்கே கோடு போடு, அங்கே எழுத்து போடு’ என்று கட்டளைகளை அனுப்பும். டேட்டா கொஞ்சம்தான், ஆனால் நடுநடுவே பதில் கேட்டு நிற்கும். ஒரே கட்டடத்துக்குள் போய்வர 1 மில்லிசெகண்ட் ஆகும்போது அது யாருக்கும் தெரியாது. ஒரு புரோகிராம் திறக்கும்போது 300 தடவை பதிலுக்கு நிற்கிறது என்றால், 100 மில்லிசெகண்ட் பாதையில் ஜன்னல் வரவே 30 நொடி. 1990-களின் பிற்பகுதியில் வந்த விஎன்சி திரையின் படத்தையே அனுப்பும். 1920க்கு 1080 திரை ஒன்றைச் சுருக்காமல் அனுப்பினால் 6 எம்பி, மோடத்தில் கால் மணி நேரம். அன்று மோடத்தில் அழவைத்த அந்த முறைதான் இன்று அகலமான தொலைதூர லைனில் நன்றாக ஓடுகிறது. இன்றைய ரிமோட் டெஸ்க்டாப் சேவைகள் பெரும்பாலும் அதே வழியில்தான் போகின்றன, படத்துக்குப் பதில் வீடியோவாகச் சுருக்குகிறார்கள்.

எழுத்துத் திரையில் வேலை செய்பவர்களுக்கு இணைப்பு போனாலும் வேலையை சர்வரிலேயே உயிரோடு வைத்திருக்கும் 1987-இன் ஸ்கிரீன், 2007-இன் டீமக்ஸ் இரண்டும் இன்றும் அவசியம். லைன் அகலமாகியும் அறுவது நிற்கவில்லை. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலே ஐபி முகவரி மாறி எஸ்எஸ்ஹெச் செத்துப்போகும். உள்ளே ஓடுவது ஸ்கிரீனில் இருந்தால் திரும்ப நுழைந்து விட்ட இடத்தில் தொடரலாம். முகவரி மாறினாலும் தாங்குவது, தட்டிய எழுத்தைப் பதிலுக்குக் காத்திராமல் திரையில் காட்டுவது இரண்டையும் 2012-இல் வந்த மாஷ் செய்கிறது. தாமதம் அதிகமான பாதையில் அதைப் பயன்படுத்திப் பாருங்கள்.

அப்புறம், கிட்டத்தட்ட எல்லோரும் மறந்துவிட்ட ஒன்று: வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஆப்ஷன்கள். ஆர்சின்க்கில் ‘பிடபிள்யூ லிமிட்’, டபிள்யூகெட்டில் ‘லிமிட் ரேட்’. ஒரு மெல்லிய லைனைப் பலர் பகிர்ந்த காலத்தில் மரியாதைக்காகப் பயன்படுத்தியவை. இன்று வேறு காரணத்துக்காக வேண்டியிருக்கிறது. ரவுட்டர்களில் மெமரி மலிவானதும் பாக்கெட் வரிசைகளைத் தேவைக்கு மேல் நீளமாக்கிவிட்டார்கள். பேக்கப் ஒன்று அப்லோடை நிரப்பினால் அந்த வரிசை நிரம்பி, 20 மில்லிசெகண்டில் வந்த பிங் (போய்வரும் நேரத்தை அளக்கும் சோதனை) பல நூறு மில்லிசெகண்டுக்குப் போய்விடும். வீடியோ அழைப்பில் குரல் உடைவது இதனால்தான். 2010-இல் ஜிம் கெட்டிஸ் இதை பஃபர்ப்ளோட் என்று விளக்கி எழுதினார். எஃப்க்யூ-கோடெல் போன்ற வரிசை முறைகள் ரவுட்டரில் இருந்தால் பிரச்சினை பெரும்பாலும் தீரும். ரவுட்டரை மாற்ற முடியாதவர்கள் பேக்கப்பை அப்லோடு வேகத்தின் 80 சதவீதத்தில் கட்டிவைத்தால் போதும், பேக்கப் கொஞ்சம் தாமதமாக முடியும், வீட்டில் மற்றவர்கள் நிம்மதியாகப் பேசலாம்.

உங்கள் நிலைமைக்கு எது பொருந்தும் என்று தெரிய, முதலில் பிங் கொடுத்து போய்வரும் நேரத்தைப் பாருங்கள், பிறகு ஒரு பெரிய கோப்பை அனுப்பி வேகத்தைப் பாருங்கள், அது ஓடும்போதே இன்னொரு ஜன்னலில் திரும்பவும் பிங். மூன்றாவது எண் முதல் எண்ணைவிட எகிறினால் பஃபர்ப்ளோட். பெரிய கோப்பு வேகமாகவும் சின்னக் கோப்புகள் ஆமையாகவும் போனால் தாமதம், அதற்கு டார். சிபியூ நூறு சதவீதத்தில் நின்றால் சுருக்கத்தை நிறுத்துங்கள். எல்லாம் சரியாக இருந்தும் அப்லோடு மட்டும் போதவில்லை என்றால் ஆர்சின்க்.

பழைய கருவியை எடுக்கும்போது அதன் பழைய போக்குவரத்து வழியையும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள். கோப்பு மாற்றவும் தொலைவிலிருந்து நுழையவும் பயன்பட்ட எஃப்டிபி, ஆர்எஸ்ஹெச், டெல்நெட் எல்லாம் எதையும் என்கிரிப்ட் செய்யாமல் திறந்த நிலையில் அனுப்புபவை. ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் 2021-இல் எஃப்டிபி ஆதரவையே நீக்கிவிட்டன. ஆர்சின்க்குக்கும் ‘டீமன்’ முறை என்று ஒன்று உண்டு, அதில் டேட்டா என்கிரிப்ட் ஆகாமல் போகும். அதைப் பொது மிரர்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, உங்கள் சொந்தக் கோப்புகளுக்கு டார், ஆர்சின்க் இரண்டையும் எஸ்எஸ்ஹெச்சுக்குள்ளேயே ஓட்டுங்கள்.